நகப்பூச்சுக் கோடு

திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கும் முன்பே
வாசலில் நிற்கிறது அந்த டாக்சி.
பின்சீட்டுக்கு அடியில் பதினைந்து அங்குல வூஃபர் இரண்டு.
ஒன்று பேசவில்லை என்கிறார் லிண்டானி.
கொஞ்சம் யோசித்து,
முனகுகிறது, பேசவில்லை என்று திருத்துகிறார்.

கூம்பின் மேல் இரு கட்டைவிரல் வைத்து
மெல்ல அழுத்துகிறேன்.
உள்ளே மணல் உரசுகிறது.
முகர்ந்து பார்க்கவே வேண்டாம்.
ஆனாலும் முகர்கிறேன்: வார்னிஷ் கருகிய வாடை.
வாய்ஸ் காயில் போய்விட்டது.

யார் திருகியது?
அவர் தன் சாவிக்கொத்தைப் பார்க்கிறார்.
அதில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் தொங்குகிறது.

கெய்ன் என்பது சத்தம் இல்லை.
சாட்ஸ்வொர்த்தில் எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன்,
காவடிக்கு முந்திய நாள்
ஹாரனைத் தூக்கிக்கொண்டு வந்த கோயில் கமிட்டிக்காரர் உட்பட.
சத்தத்துக்குக் குமிழ் முன்னால் இருக்கிறது, உங்கள் இடக்கைப் பக்கம்.
இது ஒப்பந்தம்.
ரேடியோ இத்தனை வோல்ட் அனுப்பும்,
ஆம்ப் அதையே முழுசென்று எடுத்துக்கொள்ளும்.
கடைசிவரை திருகினாலும்
நானூறு வாட், நானூறு வாட்தான்.
கதவு அகலத் திறக்கும்.
வீடு அதே வீடு.

ஸ்கோப்பை அவர் பக்கம் திருப்புகிறேன்.
பச்சைக் கோட்டில் ஒரு சுத்தமான அலை.
மாரிட்ஸ்பர்க் போகிற வழியில் தெரியுமே
ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு, அது மாதிரி
ஏறி, இறங்கி, ஏறி.
வால்யூமைக் கூட்டுகிறேன். குன்றுகள் வளர்கின்றன.
இன்னும் கொஞ்சம்.
சட்டென்று எல்லாத் தலைகளும்
ஒரே உயரத்தில் சீவப்பட்டு நிற்கின்றன.

எம்கம்பாதினி! என்று சிரிக்கிறார் லிண்டானி.
அந்த மேசை மலைக்குக் கீழேதான் எங்கள் வீடு.

அதேதான். அதற்குப் பெயர் கிளிப்பிங்.
உங்கள் மலைமேல் ஆடு மேயும்.
இந்த மலைமேல்,
உச்சியைத் தொட்டதும் இறங்க வேண்டிய மின்சாரம்
பாய் விரித்துப் படுத்துவிடும்.
கூம்பு அசைந்தால்தான் காயிலுக்குக் காற்று.
கூம்பு திணற, காயில் வேகும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.
பிறகு தன் கணக்கைச் சொன்னார்.
உம்லாசியில் இரண்டரைக்குப் பள்ளி விடும்.
நாலு டாக்சி வரிசையாக நிற்கும்.
பிள்ளைகள் டயரைப் பார்ப்பதில்லை, பிரேக்கைக் கேட்பதில்லை.
எது நின்றால் தார்ச்சாலை அதிர்கிறதோ
அதில் ஏறுவார்கள்.
மாலையில் முதலாளிக்கு அவர் பங்கு,
பெட்ரோலுக்கு அதன் பங்கு,
மிச்சம் இருந்தால் எனக்கு.
இது உங்கள் பச்சைக் கோட்டில் எங்கே தெரியும்?

தெரியாது.
புதுக் காயில் போட்டேன்.
பாட்டை நிறுத்தி ஐம்பது ஹெர்ட்ஸ் ஊதலை ஓடவிட்டு,
ரேடியோவை முக்கால்வரை ஏற்றி,
நானூறை ஓம் நாலால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து,
மீட்டரில் நாற்பது வோல்ட் வந்த இடத்தில் கையை எடுத்தேன்.
டிராயரில் சிவப்பு நகப்பூச்சு எப்போதும் உண்டு,
விரலுக்கு இல்லை.
குமிழ்மேல் ஒரு கோடு, பெட்டிமேல் ஒரு கோடு,
இரண்டும் நேராக.
இதைத் தாண்டினால் என்னிடம் வராதீர்கள்.

வந்தார், பதினாறாம் நாள்.
இரண்டு வூஃபரும் பேசின.
அடியில் குனிந்து டார்ச் அடித்தேன்.
என் சிவப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.
அதற்கு ஒரு நூல் மேலே, பெட்டியில்
புதிதாக இன்னொன்று,
மினுமினுக்கும் ஊதா.
மகளுடையது, என்றார், கேட்டுத்தான் வாங்கினேன்.
இன்னும் திருகவில்லை.
இதுவரை போகலாமா என்று கேட்க வந்தேன்.

திருகினேன். நாற்பத்து மூன்று வோல்ட்.
ஸ்கோப்பில் குன்றுகள் குன்றுகளாகவே இருந்தன,
உச்சியில் மட்டும்
நடுத்தர வயதின் முதல் வழுக்கை மாதிரி ஏதோ.

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.
அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரை மணிக்கு, என்றேன்.
பள்ளி வாசலில் மட்டும்.
பிள்ளைகள் ஏறியதும் சிவப்புக்கு வந்துவிட வேண்டும்.